காய்ந்த துண்டு

துண்டு காய்ந்திருந்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் நீச்சல் டீச்சர் முதலில் நினைத்தாள். துண்டு என்றால் காயத்தான் செய்யும், அதற்குத்தானே ஆணியில் மாட்டுகிறோம். ஆனால் தினமும் இந்த நேரத்தில் அந்த ஆரஞ்சுத் துண்டைக் கழற்றினால் கை இறங்குகிற அளவுக்குக் கனக்கும். முனையிலிருந்து தண்ணீர் சொட்டும். குளோரின் நெடி முகத்தில் அடிக்கும். இன்று அது பஞ்சு மாதிரி கையோடு வந்தது. நேற்று அவள் மடித்து வைத்த மடிப்பின் கோடுகூட அழியவில்லை. முகர்ந்து பார்த்தாள். சோப்புத்தூள் வாசம் மட்டும் அடித்தது.

அவள் இப்போதுதான் விழித்திருந்தாள். காலை வகுப்புப் பிள்ளைகள் போனபிறகு, டிக்கெட் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் இருக்கிற நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தது ஞாபகம் இருந்தது. அப்படியே கண் அசந்துவிட்டது போல. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது, வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. ஒரு கனவின் வாலும் மிச்சமிருந்தது. கனவில் தங்கை வந்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தட்டிக்கொண்டே இருந்தாள், டக் டக் என்று, விட்டு விட்டு. "இரு, வரேன்" என்று இவள் சொன்னாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. உடம்பெல்லாம் ஈர மணலை ஏற்றி வைத்த மாதிரி. "வரேன்னு சொல்றேன் இல்ல, இரு." தட்டுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நின்றுபோனது. செத்துப்போன தங்கை கனவில் வந்து கதவைத் தட்டுவது அவளுக்குப் புதிதில்லை. வந்தவளுக்குக் கதவைத் திறக்கவில்லையே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

எழுந்தவுடன் கால் தானாகத் துண்டு மாட்டும் சுவரிடம் போயிருந்தது. அது அவள் வழக்கம்.

இந்தக் குளத்தில் வருகைப் பட்டியல் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. வாண்டுகள் வரிசையில் நிற்குமா என்ன? ஒருத்தன் கழிப்பறையில் இருப்பான், ஒருத்தி அழுதுகொண்டு அம்மா இடுப்பில் இருப்பாள். அதனால் டீச்சர் தானே ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆணி, ஒரு நிறத்தில் ஒரு துண்டு. தண்ணீருக்குள் இறங்கும்போது துண்டு ஆணிக்குப் போகும், ஏறி வந்ததும் ஆணியிலிருந்து உடம்புக்கு வரும். சுவரில் ஒரு துண்டு தொங்கினாலும் தண்ணீரில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். சுவர் மொட்டையான பிறகுதான் குளத்தின்மேல் நீல விரிப்பை இழுத்து மூடுவாள். சூடு போகாமல் இருக்கவும் தூசி விழாமல் இருக்கவும் போடுகிற விரிப்பு அது. அடியில் முழுக்கக் காற்றுக் குமிழ்களாக இருக்கும். இத்தனை வருஷத்தில் இந்த முறை ஒரு நாளும் அவளைக் கைவிட்டதில்லை. பெற்றோர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லுவாள்.

ஒரே ஒரு ஆணிக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. தவக்களையின் ஆணி.

தவக்களை என்பது தங்கை மகள். நடக்கப் பழகும் முன்பே தொட்டிக்குள் இறங்கிக் கும்மாளம் போட்டதால் தங்கை வைத்த செல்லப் பெயர். தங்கை போனபிறகு பெரியம்மாவோடுதான் இருக்கிறாள். காலையில் இருவரும் சேர்ந்து வருவார்கள். நீச்சல் முடிந்ததும் இங்கேயே சீருடை மாட்டிக்கொண்டு வாசலில் வரும் பள்ளிக்கூட வேனில் ஏறிவிடுவாள். ஈரத் துண்டை எங்கே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது? அது ஆணியிலேயே தொங்கும், பெரியம்மா பிறகு எடுத்துக்கொள்ளுவாள். வீட்டுப் பிள்ளைதானே. அதனால் எல்லாப் பிள்ளைகளும் போனபிறகும் அந்த ஓர் ஆரஞ்சுத் துண்டு சுவரில் தொங்கும், அதைப் பார்த்துக்கொண்டேதான் டீச்சர் விரிப்பை இழுப்பாள்.

"இன்னைக்குத் தண்ணியில இறங்கலையோ என்னமோ" என்று அவள் சத்தமாகவே சொன்னாள். கூரை உயரமான கட்டடம், குரல் ஒருதரம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. "சளி பிடிச்சிருந்தாலும் பிடிச்சிருக்கும்."

யோசித்துப் பார்த்தாள். காலையில் தவக்களை தண்ணீரில் இறங்கினாளா?

தலைக்குள் அந்த இடத்தில் பஞ்சு அடைத்திருந்தது.

பஞ்சு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். வெள்ளையாக, நடுவில் ஒரு கோடு போட்ட சின்ன மாத்திரை. தங்கை போனபிறகு தூக்கமும் அவளோடு போய்விட்டது. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டிலும் அந்த எலும்புக் கையும்தான். கடைசி நாட்களில் தங்கைக்குப் பேச்சு குறைந்துபோனது, இருந்த மூச்சில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கரையில அவளை யாரு வேணா பார்த்துக்கலாம்க்கா. தண்ணியில மட்டும் நீ கூட இரு." அந்தக் குரல் ராத்திரி முழுக்கக் காதில் ஓடும். டாக்டரிடம் போனாள்.

"பாதி போதும்" என்றார் டாக்டர். "படுக்கப் போகும்போதே போட்டுடணும். நடு ராத்திரியில முழிச்சுட்டு இன்னொரு பாதி போட்டா, மறுநாள் காலையில உங்க உடம்பு எழுந்துடும், நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. மந்தமா இருக்கும். செஞ்சது ஞாபகம் இருக்காது. வண்டி ஓட்டக் கூடாது."

"என்கிட்ட வண்டியே கிடையாது டாக்டர்" என்று அவள் சிரித்தாள். "மந்தம்னா அது எங்க குடும்பச் சொத்து."

அவரும் சிரித்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

முதலில் பாதிதான் போட்டாள். பிறகு நடு ராத்திரியில் விழிப்பு வந்தபோதெல்லாம் மற்ற பாதியும் உள்ளே போனது. அந்த மறுநாள்கள் வேடிக்கையாக ஆரம்பித்தன. வீட்டுச் சாவி ஃபிரிட்ஜுக்குள் கிடைத்தது. பல் தேய்த்தாயிற்றா என்று பிரஷைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு தாய் வந்து "நேத்து நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டேன் டீச்சர்" என்று நன்றி சொன்னாள். என்ன சொன்னோம் என்பது டீச்சருக்கு இன்றுவரை தெரியாது. எல்லாவற்றையும்விட மோசம், தலை காலியான இடத்தைச் சும்மா விட்டு வைப்பதில்லை. முந்தின நாளிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து அங்கே ஒட்டிவிடும். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாதபடி.

இதை முதலில் கண்டுபிடித்தது தவக்களைதான். அவளுக்கு வயதுதான் ஏழு, வாய்க்கு எழுபது. ஒருநாள் காலையில் தேநீரில் உப்பைப் போட்டு நின்ற பெரியம்மாவை இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "பெரியம்மா, நீங்க இன்னும் மாத்திரைக்குள்ளதான் இருக்கீங்க" என்றாள். அன்றிலிருந்து அவளே டாக்டர். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒருதரம், குளத்தில் இறங்கும் முன் ஒருதரம், சின்னக் கையை முகத்துக்கு நேரே நீட்டி, "எத்தனை விரல்?" என்பாள்.

"மூணு."

அந்தப் பதிலை நம்பமாட்டாள். குருட்டாம்போக்கில் சொல்லியிருக்கலாம் இல்லையா? மடித்திருக்கும் விரல்களில் ஒன்றை மெல்ல, ரொம்ப மெல்ல, நிமிர்த்துவாள். "இப்போ?"

இரண்டும் சரியாக இருந்தால்தான் கையைக் கீழே இறக்குவாள். தப்பாகச் சொன்னால் முகம் கழுவிவிட்டு வரவேண்டும். ஏழு வயதுப் பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ளுகிறது என்பதில் டீச்சருக்கு வெட்கமாகவும் இருந்தது, தங்கையே பாதி திரும்பி வந்த மாதிரி ஒரு சந்தோஷமாகவும் இருந்தது. வெட்கத்தைச் சிரித்துத் தள்ளிவிட்டு சந்தோஷத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

இப்போது துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கண்ணை மூடினாள். இன்று காலையைத் தேடினாள்.

வந்தது. தெளிவாகவே வந்தது. வாசலில் வேன் நிற்கிறது. வேன்காரர் ஒற்றைக் கையால் கதவைத் திறந்தபடி, "ஏறுங்க மகாராணி, உங்களுக்காக ஊரே காத்திட்டிருக்கு" என்கிறார். தவக்களை படியில் ஏறித் திரும்பி, நாக்கைத் துருத்திக் காட்டுகிறாள். தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருக்கிறது. குடைமேல் மழை படபடவென்று விழுகிறது. வேன் கண்ணாடியில் நீர் வழிகிறது, அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கை ஆடுகிறது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் இருப்பாள். வேறு துண்டால் துவட்டியிருப்பாள், யாராவது சிநேகிதி கொடுத்திருப்பாள். வேண்டாத கவலை. ஆரஞ்சுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் விட்டுப்போன மிதவைப் பலகைகளை அடுக்கினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குளம் நீல விரிப்புக்கு அடியில் அசையாமல் கிடந்தது. விரிப்பு போட்டதும் அவளுக்கு ஞாபகமில்லை. உள்ளங்கையில் கயிறு இழுத்த சிவப்புக் கோடு இருந்தது, அதனால் போட்டது தான்தான். கைக்குப் பழகின வேலை, அது தானாகச் செய்துவிடும்.

மோட்டார் அறையிலிருந்து வரும் ரீங்காரம் மட்டும் என்னவோ போல இருந்தது. வழக்கமாக ஒரே சுதியில் ஓடும். இன்று இழுத்து இழுத்து, மூக்கடைத்தவன் மூச்சு விடுவது போல ஓடியது. எங்காவது இலை அடைத்திருக்கும் என்று நினைத்தாள். இந்தக் கட்டடத்துக்குள் இலை எப்படி வரும் என்றும் நினைத்தாள். அந்த நினைப்பை அதற்கு மேல் போகவிடவில்லை.

பலகைகளை வெயிலில் வைக்கலாம் என்று வாசலுக்குக் கொண்டுபோனாள். வெயில் சுளீரென்று கண்ணில் குத்தியது. எதிரே பஞ்சர் கடைக்காரர் ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு ஆட்டோ போனது. அது கிளப்பிய புழுதி மெதுவாக வந்து அவள் கால்மேல் படிந்தது.

புழுதி.

அவள் கீழே பார்த்தாள். படிக்கட்டு காய்ந்திருந்தது. தெரு காய்ந்திருந்தது. சாக்கடையோரத்து மண்கூட வெடித்துக் கிடந்தது. குடையை எங்கே வைத்தோம் என்று திரும்பிப் பார்த்தாள். கதவோரத்தில் இல்லை.

"என்ன தேடறீங்க டீச்சர்?"

"குடை" என்றாள். "காலையில மழை பெஞ்சுதே..."

பஞ்சர் கடைக்காரர் சிரித்தார். "நல்லா இருக்கு போங்க. நேத்து பெஞ்ச மழைக்கு இன்னைக்குக் குடை தேடறீங்க. இன்னைக்கு விடிஞ்சதிலேருந்து வெயில் பல்லைக் காட்டிட்டுல்ல இருக்கு?"

டீச்சரும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

மழையைக் கழற்றிவிட்டு அந்தக் காட்சியை மறுபடி பார்க்க முயன்றாள். வரவில்லை. மழை இல்லாமல் வேன் வரவில்லை, வேன் இல்லாமல் பிள்ளை வரவில்லை. படியில் ஏறித் திரும்பி நாக்கைத் துருத்திய அந்த முகம் நேற்றைய முகம். தலை அதை வெட்டிக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. நேற்று தவக்களை வேனில் ஏறினாள்.

இன்று?

உள்ளே ஓடினாள். மேசைமேல் போன் இருந்தது. விரல் இரண்டு தரம் தப்பாக அழுத்தியது. மூன்றாம் தரம் மணி போனது.

"சொல்லுங்கம்மா" என்றார் வேன்காரர். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"அண்ணே, பாப்பாவை இன்னைக்கு... பள்ளிக்கூடத்துல இறக்கிட்டீங்கதானே?"

"பாப்பா இன்னைக்கு ஏறவே இல்லையேம்மா."

அவள் கண் ஆணிச் சுவருக்குப் போனது.

"ஹார்ன் அடிச்சேன். நீங்கதான் வாசலுக்கு வந்தீங்க. அவ போயாச்சு, நீங்க போங்கன்னு கை காட்டினீங்க. யாரோ சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க போலன்னு நானும் கிளம்பிட்டேன். ஏம்மா? அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"அவ போயாச்சுன்னு நானா சொன்னேன்?"

"நீங்கதாம்மா. நல்லா சிரிச்சுட்டே சொன்னீங்க."

போனை வைத்தாளா, போட்டாளா தெரியவில்லை. உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தபோது ஈரச் சிமெண்டு வாசம் அடித்தது. மர பெஞ்சுகள் காலியாக இருந்தன. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், யாரோ முன்பின் தெரியாத பொம்பளை ஓடி வருவது போல இருந்தது. கடைசி பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

பள்ளிக்கூடப் பை இருந்தது. அதன்மேல் மடித்து வைத்த சீருடை. பக்கத்தில் இரண்டு கறுப்பு ஷூ, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிய வெள்ளைக் காலுறை. தங்கை கற்றுக்கொடுத்த சுருட்டல்.

"தவக்களை" என்று கூப்பிட்டாள்.

"ஏய் தவக்களை. ஒளிஞ்சு விளையாடுறியா? பெரியம்மாவுக்குக் கோபம் வந்துடும்."

கோபம். அந்தச் சொல்லில் ஏதோ ஒன்று அசைந்தது. பஞ்சுக்குள்ளிருந்து ஒரு நூல் வெளியே நீட்டியது, அவள் இழுக்க வேண்டாம் என்று நினைத்தாலும் அது தானாக வந்தது. இன்று காலை. மழை இல்லாத காலை. கண்ணாடிக் கூரை வழியாக வெயில் குளத்தில் பாளம் பாளமாக விழுந்திருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் கூச்சல் போடுகிறார்கள், ஒவ்வொரு கூச்சலும் தலைக்குள் ஆணி அடிக்கிறது. முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கை வருகிறது.

"பெரியம்மா, எத்தனை விரல்?"

விரல்கள் கலங்கலாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஆடுகின்றன. எண்ண முடியவில்லை. எண்ண முடியாததில் ஒரு எரிச்சல் வருகிறது. பிள்ளைகளின் அம்மாக்கள் பார்க்கிறார்கள்.

அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"போதும் நிறுத்து. தினம் தினம் இதே கூத்து. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்."

பிள்ளையின் முகம் சுருங்கியது. தட்டிவிடப்பட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, திரும்பி, சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கியது.

இறங்கியது.

அதற்கப்புறம் துண்டுகள் ஒவ்வொன்றாக ஆணியை விட்டுப் போகின்றன. சிவப்பு, நீலம், கோடு போட்டது, பூப்போட்டது. ஆரஞ்சு மட்டும் தொங்குகிறது. அது எப்போதும் தொங்குவதுதானே. அவள் ஆழமான முனையில் நின்று கயிற்றை இழுக்கிறாள். தூரத்து முனையில் உருளை சுற்றுகிறது. விரிப்பு தண்ணீர்மேல் ஊர்ந்து வருகிறது.

தவக்களைக்கு அந்த விரிப்பு என்றால் உயிர். விரிப்புக்கு அடியில் வெளிச்சம் நீலமாக இருக்குமாம், கடலுக்கு அடியில் இருப்பது போலவே இருக்குமாம். விரிப்பை இழுக்கும்போது ஓசைப்படாமல் அதற்கு அடியில் புகுந்து, அது போகிற வேகத்துக்குக் கூடவே நீந்தி வந்து, கடைசி முனையில் டக்கென்று தலையை நீட்டிப் பயமுறுத்துவாள். எத்தனையோ தரம் திட்டியாயிற்று. திட்டும்போதும் ஒரு கண் விரிப்புமேல் இருக்கும். எங்காவது சின்னதாக ஒரு மேடு நகர்ந்து வந்தால் டீச்சர் கயிற்றை நிறுத்திவிடுவாள். "வெளிய வாடி பிசாசே." சிரிப்புச் சத்தம் கேட்கும்.

இன்றைக்கு மேடு நகர்ந்ததா?

கோபமாக இருந்த பெரியம்மாவைச் சிரிக்க வைக்கலாம் என்று பிள்ளை நினைத்திருக்குமா?

நினைத்திருக்கும். அது அப்படிப்பட்ட பிள்ளை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் ஒட்டியது. விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. ஓரத்துக் கொக்கிகள் எல்லாம் மாட்டியிருந்தன. ஒன்று விடாமல். இவ்வளவு நேர்த்தியாக அவள் என்றைக்கும் மாட்டியதில்லை.

மோட்டார் இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். ரீங்காரம் அடங்கியது. அடங்கிய பிறகு வந்த அமைதியில், கனவில் கேட்ட சத்தம் அவளுக்கு மறுபடி கேட்டது. டக், டக். விட்டு விட்டு. அது மரக்கதவைத் தட்டுகிற சத்தம் இல்லை.

அது இரும்பைத் தட்டுகிற சத்தம்.

குளத்துக்குள் இறங்கும் இரும்பு ஏணி மேசைக்கு நேர் எதிரே, கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் தூங்கிய நாற்காலியிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். யாரோ அங்கே வந்து தட்டியிருக்கிறார்கள். பெரியம்மா எங்கே உட்காருவாள் என்று தெரிந்து, அவளுக்குக் கேட்கும் இடமாகப் பார்த்து வந்து தட்டியிருக்கிறார்கள். இவளுக்குக் கேட்டது. பதிலும் சொன்னாள்.

இரு, வரேன்.

வரேன்னு சொல்றேன் இல்ல, இரு.

ஏணியோரம் மண்டியிட்டாள். ஏணிப் பக்கத்துக் கொக்கியைப் பிடித்தாள். விரல் வழுக்கியது. பல்லால் இழுத்தாள். ஒன்று கழன்றது. அடுத்தது. அடுத்தது. வாய் மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. வந்துட்டேன்டா. இதோ வந்துட்டேன். பெரியம்மா வந்துட்டேன். தண்ணியில மட்டும் நீ கூட இரு என்றாளே. கூடத்தானே இருந்தேன். எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தானே இருந்தேன்.

விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள். கனத்தது. குமிழ்கள் தண்ணீரை விட மனசில்லாமல் பிசுக்கென்று பிரிந்தன. அடியில் நீல வெளிச்சம்.

நிஜமாகவே கடலுக்கு அடியில் இருப்பது போலத்தான் இருந்தது.

முதலில் கூந்தல் தெரிந்தது. விரிந்து, மெல்ல ஆடிக்கொண்டு, ஒரு கற்றை மட்டும் மோட்டார் தண்ணீரை இழுக்கும் வாய்க்குள் சிக்கி. பிறகு முதுகு. பச்சை நீச்சலுடையில் அவளே தைத்துக் கொடுத்த கிழிசல். முகம் தண்ணீருக்குள் இருந்தது, எதையோ தேடிக் கீழே பார்ப்பது போல. தோளைத் தொட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. தோள் அப்படி இல்லை. இழுத்தாள். வரவில்லை. ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே, ஏணியின் படியைச் சுற்றி வளைத்துக் கோத்துக்கொண்டிருந்தது. நேரமாகி விறைத்துப்போன கை. எத்தனை நேரம் ஆகியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள், தண்ணீரில் எது எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்தவள்.

அவள் கத்தவில்லை. கத்தினால் இது நடந்தது என்று ஆகிவிடும்.

மாத்திரைக்குள்ளதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டாள். இன்னும் மாத்திரைக்குள்ளதான் இருக்கேன். நாளைக்கு எழுந்திருப்பேன், ஞாபகமே இருக்காது. வேன் வரும். நாக்கைத் துருத்துவா.

வெயில் ஒரு மேகத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். கண்ணாடிக் கூரையிலிருந்து ஒரு பாளம் இறங்கி ஏணிமேல் விழுந்தது. அப்போதுதான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தாள்.

ஏணிப் படியைத் தாண்டி அது அவள் பக்கம் நீண்டிருந்தது. வெளுத்து, ஊறி, சுருங்கிப்போன சின்னக் கை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. மற்ற விரல்கள் நேராக, அவள் முகத்துக்கு நேரே, நீட்டியிருந்தன.

காலையில் சொல்லாமல் விட்ட பதில். அதைச் சொல்லிவிட்டால் கை கீழே இறங்கிவிடும். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்த்தாள். கலங்கல் இல்லை. ஆடவில்லை. இன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"மூணு" என்றாள். "மூணுடா தங்கம். பெரியம்மா முழிச்சுட்டேன்."

தண்ணீர் அசையவில்லை. மோட்டார் ஓடவில்லை. காற்று இல்லை.

மடங்கியிருந்த சுண்டுவிரல் மெல்ல, ரொம்ப மெல்ல, நிமிர்ந்தது.